மாலையைக் கழற்று

பிள்ளையார் துணை

நாலாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
10 பங்குனி 2025

அன்புள்ள தம்பி தயாபரன்,

நானும் அத்தானும் பிள்ளைகளும் பிள்ளையார் புண்ணியத்தில் சுகம். நீயும் கொழும்பில் சுகமாக இருக்க வேண்டும். சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று உன்னுடைய 'உப்பு வீரன்' இரண்டாம் பாகத்தைக் கிளிநொச்சி மண்டபத்தில் போட்டார்கள். எங்கள் வாய்க்கால் சனம் முழுக்க லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறிப் போனது. முதல் பாகம் எங்கள் வளவில் எடுத்த படமல்லவா? மீனம்மா அக்காவுக்கு நானே முன்வரிசையில் கதிரை பிடித்து இருத்தினேன். ஏன்தான் இருத்தினேனோ.

நான் வரவு செலவு எழுதிப் பழகிய ஆள். இருப்பதை இருக்கிறதென்றும் இல்லாததை இல்லையென்றும்தான் சொல்வேன். முதல் பாகத்தில் உன் வீரன் ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்கிற பொடியன். உப்பு அவனுக்குப் பலம், மழை அவனுக்குப் பகை. வானம் இருண்டால் உரப்பையில் தைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவான். ஊரைக் காப்பாற்றுகிறவன் தூறலுக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்துச் சிரித்தோம். சிரிக்கச் சிரிக்க அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். இரண்டாம் பாகத்தில் அவனுக்குக் கறுப்புத் தோல் சட்டை. அத்தான் மண்டபத்துக்குள்ளேயே சத்தமாகச் சொன்னார்: "உப்பளத்து வெயிலுக்கை உந்தச் சட்டையைப் போட்டானெண்டால் வில்லனே தேவையில்லை, வேர்வையிலையே கரைஞ்சு போவான்." கடைசிச் சண்டை கொட்டுகிற மழையில் நடக்கிறது. அவன் கரையவேயில்லை. ஏன் என்று படத்தில் ஒருவரும் சொல்லவுமில்லை.

அதெல்லாம் போகட்டும். சுவரில் தொங்கிய அந்தப் புகைப்படத்துக்கு வருகிறேன்.

முதல் பாகத்தில் வீரனின் தாயாக நடித்தது மீனம்மா அக்கா. தாயின் வீட்டுச் சுவரில், காணாமற்போன மூத்த மகன் என்று நீ மாட்டியது அவருடைய சொந்த மகன் நிரஞ்சனின் படம். இரண்டாயிரத்து ஒன்பதில், இடம்பெயர்ந்து போன இடத்தில், கஞ்சி வாங்க வரிசைக்குப் போன பிள்ளை. இன்றுவரை வரவில்லை. "போன மாதிரியே திரும்பி வரும்" என்று என் வாயால் சொல்லி அந்தப் படத்தை வாங்கித் தந்தேன்.

இப்போது அதே படத்துக்குப் பூமாலை. முன்னால் விளக்கு. வீரன் அதைப் பார்த்துப் பழிவாங்குவேன் என்று சபதம் எடுக்கிறான். மீனம்மா அக்கா கதிரையை விட்டு எழும்பி, அந்த இருட்டுக்குள் வெளியே நடந்து போனார்.

என் பிள்ளை இருக்கிறான் என்று பெற்றவள் சொல்லும்போது அவனுக்கு மாலை போட நீ யார்? மாலையைக் கழற்று. போன் அடிக்காதே, எடுக்கமாட்டேன். போனில் நீ என்னைக் கதைத்தே மடக்கிவிடுவாய். எழுது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத அக்கா,
கௌசலா

—

வெள்ளவத்தை,
கொழும்பு.
18 பங்குனி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தடிமன் காய்ச்சல் ஒன்று வந்து மாறிவிட்டது. அத்தானின் முழங்கால் நோவு எப்படி? அவருடைய பகிடியை எடிற்றர் சஜீவனுக்கு வாசித்துக் காட்டினேன், அவன் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்திவிட்டது.

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் அக்கா, முதல் பாகத்தைப் பார்த்தது எங்கள் சனம். இரண்டாம் பாகத்தை ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்களுக்கு உரப்பை என்றால் என்னவென்று தெரியாது. மழைக்குப் பயந்து ஓடுகிறவனை வைத்து இன்னொரு படம் எடுத்தால் தயாரிப்பாளர் சுவிஸிலிருந்து வந்து என்னை ஓட ஓட அடிப்பார். இரண்டாம் பாகம் என்றால் எல்லாம் ஒருபடி பெரிதாக வேண்டும். வீரனுக்குக் கோபம் வரவும் ஒரு காரணம் வேண்டும். அண்ணன் செத்தால்தான் தம்பி சண்டைக்குப் போவான். கதை அப்படித்தான் நடக்கும்.

முதல் பாகத்தின் தொடர்ச்சி தெரியவேண்டும் என்றுதான் அதே படத்தை வைத்தோம். மாலையைக் கலைப்பகுதிப் பொடியன்கள் போட்டிருக்கிறார்கள். திரையில் அது சில விநாடிகள். ஆறுதலாக இருந்து யோசித்துப் பாருங்கள்.

மீனம்மா அன்ரிக்கு என் வணக்கம். நல்லதொரு சேலை எடுத்து அனுப்புகிறேன்.

உங்கள் நலனை வேண்டும் தம்பி,
தயாபரன்

—

நாலாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
29 பங்குனி 2025

தம்பி தயாபரன்,

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனத்தைக் கேட்காதே.

சேலையை அனுப்பாதே. வந்தால் வயல் வெருளிக்குக் கட்டிவிடுவேன்.

சில விநாடிகள் என்கிறாய். அந்தச் சில விநாடிகள் இங்கே என்ன செய்தன என்று கேள். மறுநாள் காலை பக்கத்து வளவு வடிவம்மா தேயிலையும் சீனியும் கொண்டு மீனம்மா அக்கா வீட்டு வாசலில் நின்றாள். துக்கம் விசாரிக்க! தாயே நடித்த படம், தாய் கொடுத்த புகைப்படம், அவர் சம்மதிக்காமல் மாலை போடுவார்களா என்று சனம் முடிவு கட்டிவிட்டது.

"கடைசியா மனதைத் தேத்திப்போட்டியள், நல்லது மீனம்மாக்கா. அவனுக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் சிலவு எப்ப செய்யிறியள்?" என்று கேட்டாள்.

"எந்த எட்டு?" என்றார் மீனம்மா அக்கா. அந்தப் பையை வாங்கிப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வடிவம்மா என்னிடம் ஓடிவந்து, "நான் பிழையா என்ன கேட்டனான்?" என்று அழுகிறாள். அவள்மேல் எப்படிக் கோபிப்பது? உன்மேல் இருந்ததுதான் இரட்டிப்பானது.

இன்னும் இருக்கிறது. மாதாமாதம் பூரட்டாதி அன்று பிள்ளையார் கோயிலில் நிரஞ்சனின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பது அவருடைய வழக்கம். சாப்பாட்டை விட்டாலும் அதை விட்டதில்லை. நேற்று நானும் கூடப் போனேன். குருக்கள் தட்டை வாங்கினார், நட்சத்திரத்தைக் கேட்டார், பிறகு நின்றுவிட்டார்.

"அம்மா, படத்திலை மாலை போட்டிருந்ததே. உயிரோடை இருக்கிறவைக்குத்தான் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்யலாம். போனவைக்கு வேறை கிரியை இருக்கு. மாறிச் செய்தால் எனக்குத் தோஷம்."

மீனம்மா அக்கா இங்கே வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகியும் மலைநாட்டுப் பேச்சை விடவில்லை. "சாமி, போன மாசம் வரைக்கும் உசுரோட இருந்தவன், சினிமாக்காரன் மாலை போட்டதும் செத்துட்டானா?" என்று கேட்டார்.

தட்டு அப்படியே திரும்பி வந்தது.

தேவாரம் பாடமாக்கிய பிள்ளை நீ. சுவாமிக்கு முன்னால் ஒரு தாயின் தட்டைத் திருப்பி அனுப்ப வைத்துவிட்டாய். உன்னுடைய வீரன் இரண்டாம் பாகத்தில் செய்த ஒரே சாகசம் அதுதான்.

மாலையைக் கழற்று.

அக்கா,
கௌசலா

—

வெள்ளவத்தை.
2 வைகாசி 2025

அன்புள்ள அக்கா,

உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள். படம் ஆடி மாதம் இணையத்தில் ஏறுகிறது, அந்த வேலையில் நித்திரையில்லை. சிறுபோக விதைப்பு முடிந்ததா? பிள்ளைகள் படிக்கிறார்களா?

கோயிலில் நடந்ததைப் படிக்கக் கவலையாக இருந்தது. சனத்தின் விளக்கமின்மைக்கு நான் என்ன செய்ய? என்றாலும் உங்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். தயாரிப்பாளரும் ஓமென்றுவிட்டார். அந்த முகத்தை எடுத்துவிட்டுக் கணினியில் உருவாக்கிய வேறொரு முகத்தை வைக்கிறோம். உலகத்திலேயே இல்லாத முகம். யாருக்கும் நோகாது. மாலையும் சபதமும் அப்படியே இருக்கும், கதையும் கெடாது.

இப்போது சந்தோஷமா? மீனம்மா அன்ரியிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தயாபரன்

—

நாலாம் வாய்க்கால்.
9 வைகாசி 2025

தயாபரன்,

சுகம்.

முகத்தை எடுக்கச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்? மாலையைக் கழற்று என்று எழுதினால் தலையைக் கழற்றுகிறாய்!

நீ கொழும்பிலிருந்து கமராவோடு வந்து இறங்கிய அன்று நான் போய்ப் படம் கேட்டபோது மீனம்மா அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கௌசலா, இந்த சினிமா வெளிநாட்டுக்கெல்லாம் போகுமா?" போகும் என்றேன். உடனே படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கையில் தந்தார். "எங்கயாச்சும் யாராச்சும் பாத்துட்டு, இந்தப் பயலை எனக்குத் தெரியுமேன்னு சொல்லமாட்டாங்களா?" என்றார். உன் படத்தில் நடிக்க அவருக்கு ஆசையென்றா நினைத்தாய்? அந்த முகம் சுவரில் தெரியும், நாலு தேசத்துக்குப் போகும் என்பதற்காகத்தான் அந்த வெயிலில் உன் வெளிச்சத்துக்கு முன்னால் நின்றார். விசாரிக்கப் போன இடமெல்லாம் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வெளியே காட்டியது நீ மட்டும்தான்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மாற்றும் கதையை விட்டுவிட்டு மாலையைப் பற்றித்தான் கேட்டார். "ஏற்கெனவே பாத்தவங்க பாத்துட்டாங்க. அவனே எங்கயாச்சும் பாத்திருந்தா? அம்மா நம்மளத் தலை முழுகிட்டான்னு நெனச்சு, வர்றவன் திரும்பிப் போயிருவானே."

இதற்குப் பதில் எழுது பார்ப்போம், படம் எடுக்கிறவனே.

எங்கள் அம்மாவின் படத்துக்கு அவ உயிரோடு இருக்கும்போது இப்படி மாலை போட்டிருப்பாயா? மாட்டாய். மீனம்மா அக்கா கலவரத்துக்குத் தப்பி உடுத்த துணியோடு மலையிலிருந்து வந்த சனம், எங்களைப் போல் காணி உறுதியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர் அல்ல, அவருக்காகக் கேட்க ஆளில்லை என்று நினைத்தாய். நான் கேட்பேன்.

இன்னொன்றும் கவனித்தேன். 'அந்தப் படம்', 'அந்த முகம்' என்று எழுதுகிறாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் உன்னோடு இருந்தவனுக்குப் பெயர் இல்லையா?

முகம் இருக்க வேண்டும். மாலை போக வேண்டும். இதில் விளங்காதது என்ன?

கௌசலா

—

நாலாம் வாய்க்கால்.
12 ஆனி 2025

தயாபரன்,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியில்லை. சுகமாயிருக்கிறாய் என்று முகநூலில் தெரிகிறது, தோல் சட்டைக்காரனோடு நின்று சிரிக்கிறாய் என்று மகள் காட்டினாள்.

இந்தப் பூரட்டாதிக்கும் மீனம்மா அக்கா கோயிலுக்குப் போனார். தட்டில்லாமல் போய், வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

கௌசலா

—

வெள்ளவத்தை.
20 ஆனி 2025

அக்கா,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் நான் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நம்பினால் நம்புங்கள்.

மாலையைக் கலைப்பகுதிப் பொடியன்கள் போடவில்லை. நான்தான் போடச் சொன்னேன். நிரஞ்சனுக்கு. எழுதிவிட்டேன், போதுமா?

பதினாறு வருடம் அக்கா. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மனுசியை வாசலில் இருத்தி வைத்திருக்கிறீர்கள். நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து, 'வருவான், வருவான்' என்று தலையாட்டி. ஒருவருக்கும் அவரிடம் நேரே சொல்லத் துணிவில்லை. முதல் பாகத்தில் வீரன் அந்தப் படத்தைப் பார்த்து, அண்ணன் வருவாரா என்று கேட்பான். அதற்கு நான் எழுதிய வசனம் தாய் பேசாமல் இருப்பது. மீனம்மா அன்ரி அதைக் கேட்கவில்லை. "வருவான். நீ கையைக் கழுவிட்டு வா" என்று தானாகச் சொன்னார். எல்லா ஊரிலும் அந்த இடத்தில்தான் கைதட்டினார்கள். நான் ஒவ்வொரு முறையும் மண்டபத்துக்கு வெளியே வந்து நின்றேன். பொய்க்குக் கைதட்டு வாங்கியது போல் இருந்தது. இரண்டாம் பாகத்திலாவது உண்மையைச் சொல்லுவோம், ஒருதரம் அழுது முடிக்கட்டும் என்று நினைத்தேன்.

கூடாத எண்ணத்தில் செய்யவில்லை. கோபிப்பதென்றால் கோபியுங்கள். மாலையை எடுக்கமாட்டேன்.

தயாபரன்

—

நாலாம் வாய்க்கால்.
30 ஆனி 2025

தம்பி,

அத்தானுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. அவர் உன்னைப் பற்றிச் சொன்னதை எழுதினால் தபால்காரர் கொண்டுவரமாட்டார்.

உன் கடிதத்தை மறைக்கத்தான் நினைத்தேன். மீனம்மா அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "படி கௌசலா. அவனும் எங்கூட்டுல சோறு தின்ன பயதான். என்ன சொல்றான்னு கேப்போம்." ஒரு சொல் விடாமல் வாசித்தேன். பொய் என்று நீ எழுதிய இடத்தையும் வாசித்தேன்.

அவர் அழவில்லை. நீ எதிர்பார்த்த அழுகை உனக்குக் கிடைக்காது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தாமல் சொன்னார். சொன்னபடி எழுதுகிறேன்:

"கண்ணால கண்டியான்னு கேளு. கண்டிருந்தா எடத்தைச் சொல்லச் சொல்லு. இன்னைக்கே தலை முழுகிட்டு, அங்க போயி எம் புள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யிறேன். மாலையையும் நானே கட்டிப் போடுறேன். காணலைன்னா, கழட்டச் சொல்லு."

இதற்குமேல் நான் எழுத ஒன்றுமில்லை. கண்டாயா?

கௌசலா

—

வெள்ளவத்தை.
28 ஆடி 2025

அன்புள்ள அக்கா,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

நான் காணவில்லை. கண்டேன் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததுமில்லை.

மாலையையும் விளக்கையும் எடுத்துவிட்டோம். முகம் இருக்கிறது. அண்ணன் சாகாதபடியால் சபதத்துக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. குரலை மாற்றிப் பதிந்தோம். 'பழிவாங்குவேன்' என்றவன் இப்போது 'தேடிக் கண்டுபிடிப்பேன்' என்கிறான். வாயசைவு பொருந்தவில்லை. அதற்குப் பிறகு வருகிற சண்டையெல்லாம் எதற்கென்றே தெரியவில்லை. படம் கெட்டுப்போனது என்கிறார் தயாரிப்பாளர். மூன்றாம் பாகத்தை வேறு ஆளை வைத்து எடுக்கிறாராம்.

நேற்றிலிருந்து படம் இணையத்தில் இருக்கிறது. மகளின் போனில் பாருங்கள். மீனம்மா அன்ரிக்கும் காட்டுங்கள்.

தம்பி,
தயாபரன்

—

பிள்ளையார் துணை

நாலாம் வாய்க்கால்,
கிளிநொச்சி.
14 ஆவணி 2025

தம்பி தயாபரன்,

நாங்கள் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு, தெருக்கடைக் கொத்துரொட்டியில் காலம் தள்ளாதே.

படம் பார்த்தோம். மகளின் போனைச் செம்புக்குச் சாய்த்து வைத்து, மீனம்மா அக்காவை நடுவில் இருத்தி, வடிவம்மாவும் வந்து பார்த்தாள். வாய் பொருந்தவில்லைதான். முதல் பாகத்துக்கு இது கிட்டவும் வராது. ஆனால் 'தேடிக் கண்டுபிடிப்பேன்' என்று அவன் சொன்னபோதுதான் அந்தத் தோல் சட்டைக்குள் எங்கள் பழைய பொடியன் நிற்பது தெரிந்தது. கெட்டுப்போனது என்று சொல்கிறவர் சொல்லிக்கொள்ளட்டும்.

பூரட்டாதி அன்று குருக்களிடம் நானே முன்னுக்குப் போய் நின்றேன். "ஐயா, மாலையைக் கழட்டியாச்சு. நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் சொன்னார். மீனம்மா அக்கா உள்ளே வரவில்லை. தட்டை என் கையில் தந்துவிட்டு வெளியே, தேர் நிறுத்துகிற தேர்முட்டியடியிலேயே நின்றார். அவருக்குக் கோபம் ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை. கழற்றியதற்கு நன்றி சொல்வேன் என்று பார்த்திராதே. போடக் கூடாததைப் போட்டாய், எடுத்தாய். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் புதிதாக ஒன்று இருக்கிறது. சுவரில் நிரஞ்சன் தெரிகிற இடம் வந்ததும் மீனம்மா அக்கா நிறுத்தச் சொன்னார். நிறையநேரம் பார்த்தார். பிறகு படத்துக்குக் கீழே விரலை வைத்து, "வெளக்கு இருந்த எடம் சும்மாதானே கெடக்கு? அதுல எம் போன் நம்பரைப் போடச் சொல்லு. மூஞ்சியப் பாத்தவன் எங்க கூப்பிடுவான்?" என்றார்.

நாலு தேசத்துக்கு முகத்தைக் கொண்டுபோனாய். ஆளைத் தெரிந்தவன் யாரிடம் சொல்வதென்று முதல் பாகத்திலும் இல்லை, இரண்டாம் பாகத்திலும் இல்லை.

மழைக்குள் ஆளைப் பறக்கவிடத் தெரிந்த உனக்கு ஒரு நம்பரை எழுதத் தெரியாமலிராது. தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே. இரண்டு பாகத்திலும் போடு. பெரிதாக, வெள்ளை எழுத்தில், கண் மங்கினவர்களுக்கும் தெரிகிற மாதிரி. அவன் வரமாட்டான் என்று நீ இன்னமும் நினைத்தால் அதை உனக்குள்ளேயே வைத்துக்கொள், எங்களுக்குத் தேவையில்லை. நம்பரைப் போடு.

நம்பர் இந்தக் கடதாசியின் பின்பக்கத்தில் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து அடிப்பவர்கள் முன்னால் சேர்க்க வேண்டியதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். மீனம்மா அக்காவையே இரண்டு தரம் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். போனை இப்போது இடுப்பில் செருகிக்கொண்டுதான் கிணற்றடிக்கும் போகிறார்.

போட்டுவிட்டு எழுது. அதற்கு முன் எழுதாதே.

அக்கா,
கௌசலா